தன்னார்வலர்களை மட்டுமே நம்பி நடக்கும் பூனைக் காப்பகம்: எத்தனை பூனைகளுக்கு மேல் சேர்க்கக் கூடாது?

பூனைக்கூடம் (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம்.

கைவிடப்பட்ட பூனைகளுக்கும் தெருவில் அடிபட்டு, நோயுற்றுக் கிடக்கும் பூனைகளுக்குமாக நாங்கள் சிலர் சேர்ந்து ஒரு காப்பகம் நடத்தி வருகிறோம். சம்பளம் வாங்குபவர் எங்களில் ஒருவரும் இல்லை. வேலைக்குப் போகிறவர்கள், படிப்பவர்கள், பணி ஓய்வு பெற்றவர்கள் எனப் பலரும் தங்களால் முடிந்த நேரத்தைக் கொடுக்கிறார்கள். எங்களில் ஒருவர் தம் வீட்டின் கீழ்த்தளத்தை முழுவதுமாக இதற்கென்றே விட்டுக்கொடுத்திருக்கிறார்.

தொடக்கத்தில் பத்துப் பன்னிரண்டு பூனைகள் இருந்தன. இப்போது எண்ணிக்கை 40 ஆகிவிட்டது. வாரத்துக்குச் சராசரியாக நான்கு பூனைகள் வருகின்றன. வந்த பூனை தத்துப் போவதற்கு ஏறக்குறைய பத்து வாரங்கள் ஆகின்றன. காலை நேரத் துப்புரவு எப்போதும் அதே மூன்று பேர் தலையில்தான் விழுகிறது, அவர்களும் களைத்துவிட்டார்கள். புதிதாகச் சேரும் தன்னார்வலர்கள் ஆர்வத்தோடு வந்து, சிறிது காலத்திலேயே சொல்லாமல் நின்றுவிடுகிறார்கள். இதற்கிடையில் ஒரு பூனைக்குச் சளி குணமானால் அடுத்த கூண்டில் இன்னொன்று தும்மத் தொடங்குகிறது. எவ்வளவு சுத்தம் செய்தும் இது ஓயவில்லை.

புதிய பூனைகளைச் சேர்ப்பதைச் சில காலம் நிறுத்தி வைக்கலாம் என்று சிலரும், உயிருக்குப் போராடும் பூனையைத் திருப்பி அனுப்புவதற்கு ஒரு காப்பகம் எதற்கு என்று சிலரும் கூறுகிறார்கள். இரு தரப்பாரும் பூனைகளின் நலனை எண்ணியே பேசுகிறார்கள் என்பதால் எந்தப் பக்கம் நிற்பதென்று எனக்குத் தெரியவில்லை. உச்ச வரம்பு ஒன்றை எப்படிக் கணக்கிடுவது, தன்னார்வலர்களை எப்படித் தக்கவைத்துக்கொள்வது என்பதை அனுபவம் உள்ளவர்கள் விரிவாகச் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

நெடுநாள் தன்னார்வலர்:

வணக்கம். உங்கள் கேள்விக்கான விடை நீங்கள் கொடுத்திருக்கும் எண்களிலேயே இருக்கிறது. வாரத்துக்கு நான்கு பூனைகள் வருகின்றன, ஒவ்வொன்றும் பத்து வாரம் தங்குகிறது. நான்கைப் பத்தால் பெருக்கினால் 40. வரவு, தங்கும் காலம் ஆகிய இவ்விரண்டுமே காப்பகத்தில் எந்த நாளிலும் எத்தனை பூனைகள் இருக்கும் என்பதை முடிவு செய்கின்றன. இப்போது தங்கும் காலத்தைப் பத்து வாரத்திலிருந்து ஆறு வாரமாகக் குறைத்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வரவை அப்படியே வைத்திருந்தாலும் இருப்பு 24 ஆக இறங்கிவிடும். ஓராண்டில் நீங்கள் கைகொடுக்கும் பூனைகளின் தொகையில் ஒன்றுகூடக் குறையாது. எனவே "சேர்ப்பதா, நிறுத்துவதா" என்று உங்கள் குழு வாதிடுவதற்கு முன்பு, "வந்த பூனை ஏன் பத்து வாரம் தங்குகிறது" என்ற கேள்வியை எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது என் கருத்து.

உச்ச வரம்பைக் கூண்டுகளின் எண்ணிக்கையைக் கொண்டு கணக்கிடாதீர்கள். காலியாக ஒரு கூண்டு இருக்கிறது என்பதனால் அதில் வைக்கும் பூனையைக் கவனிக்க ஆள் இருக்கிறார் என்று ஆகிவிடாது. அமெரிக்க விலங்குக் காப்பகங்களில் நெடுங்காலமாகப் பின்பற்றப்படும் ஒரு பரிந்துரைப்படி, ஒரு விலங்குக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 15 நிமிடம் வேண்டும். துப்புரவுக்கு 9 நிமிடம், உணவளிக்க 6 நிமிடம். இதன்படி 40 பூனைகளுக்கு 600 நிமிடம், அதாவது நாள்தோறும் பத்து மணி நேர உழைப்பு தேவை. மருந்து கொடுப்பது, விளையாட்டுக் காட்டுவது, தத்தெடுக்க வருவோரிடம் பேசுவது, மருத்துவரிடம் கொண்டுபோவது ஆகியவை இந்தக் கணக்கில் சேரவே இல்லை. உங்கள் தன்னார்வலர்கள் ஒரு வாரத்தில் உண்மையிலேயே கொடுக்கும் மணி நேரங்களைக் கூட்டுங்கள். அவர்கள் கொடுப்பதாகச் சொன்ன நேரத்தைக் கணக்கில் எடுக்காமல், கடந்த மாதம் வாரத்துக்குச் சராசரியாக வந்து வேலை செய்த நேரத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அதை ஏழால் வகுத்துக் கிடைக்கும் எண்தான் உங்கள் காப்பகத்தின் உண்மையான கொள்ளளவைச் சொல்லும். நாளொன்றுக்கு ஆறு மணி நேரம் கிடைக்கிறதென்றால் 24 பூனைகளுக்கு மேல் நீங்கள் வைத்திருப்பது, ஏற்கெனவே உள்ள பூனைகளின் பங்கிலிருந்து எடுத்துப் புதியவற்றுக்குக் கொடுப்பதாகவே முடியும்.

இடத்துக்கும் ஓர் அளவு உண்டு. காப்பக விலங்கு மருத்துவர்களின் சங்கம் 2010-ல் வெளியிட்டு 2022-ல் திருத்திய வழிகாட்டி நெறிகள் இத்துறையில் பலரும் பின்பற்றுபவை. பூனைகளைக் கூட்டாக ஓர் அறையில் விடுவதாக இருந்தால் வளர்ந்த பூனை ஒன்றுக்குக் குறைந்தது 18 சதுர அடி வேண்டும் என்றும், உண்ணும் இடம், உறங்கும் இடம், பூனை கழிவதற்கான மணல் தட்டு ஆகியவை ஒன்றுக்கொன்று இரண்டடியாவது தள்ளி இருக்க வேண்டும் என்றும் 2010-ஆம் ஆண்டுப் பதிப்பு கூறுகிறது. சிறு கூண்டுகள்தான் உங்களிடம் இருக்கின்றன என்றால், அடுத்தடுத்த இரண்டு கூண்டுகளுக்கு நடுவிலுள்ள தடுப்பில் ஒரு வட்டத் துளை போட்டு இணைத்துவிடுங்கள். ஒன்றில் தட்டும் மற்றொன்றில் உணவும் படுக்கையும் வைக்கலாம். கூண்டுகளின் எண்ணிக்கை பாதியாகிவிடுமே என்று கவலைப்பட வேண்டாம். நோய் குறைந்து பூனைகள் சீக்கிரம் வெளியேறுவதால் அந்த இழப்பு ஈடாகிவிடும்.

தங்கும் காலம் எங்கே வீணாகிறது என்பதைக் கண்டுபிடிக்க ஓர் எளிய வழியைச் சொல்கிறேன். வாரத்தில் ஒரு நாளைக் குறித்துக்கொண்டு, முடிவெடுக்கும் பொறுப்புள்ள இருவர் கையில் ஒரு நோட்டுடன் ஒவ்வொரு கூண்டின் முன்னும் நின்று மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும். இந்தப் பூனை இன்னும் ஏன் இங்கே இருக்கிறது? அடுத்து இதற்கு ஆக வேண்டியது என்ன? அதைச் செய்யப்போகிறவர் யார்? மிகப் பெரும்பாலும் தெரியவருவது இதுதான்: ஒரு பூனைக்குச் சளி எப்போதோ குணமாகியிருக்கும், ஆனால் "குணமாகிவிட்டது" என்று அட்டையில் எழுதிக் கையெழுத்திட வேண்டியவர் அந்தப் பக்கம் வந்திருக்க மாட்டார். இன்னொன்றுக்குக் கருத்தடைக்கு நாள் வாங்கியிருக்க மாட்டார்கள். மற்றொன்றுக்குத் தெளிவான ஒரு புகைப்படம்கூட எடுக்காததால் அது இருப்பதே தத்தெடுப்பவர்களுக்குத் தெரிந்திருக்காது. கருத்தடைக்கான நாளைப் பூனை உள்ளே வரும் அன்றே பதிவு செய்துவிடுங்கள். அறுவை சிகிச்சைக்கான காத்திருப்பு ஒன்றே பல காப்பகங்களில் பல வாரங்களை விழுங்குகிறது.

வளர்ந்த பூனைகளுக்குத் தத்துக் கட்டணம் வாங்குகிறீர்கள் என்றால் அதையும் மறுபடி யோசிக்கலாம். இலவசமாகக் கொடுத்தால் மதிப்பிருக்காது என்ற அச்சம் பரவலாக இருக்கிறது. ஆனால் கட்டணம் செலுத்தித் தத்தெடுத்தவர்களையும் கட்டணமின்றித் தத்தெடுத்தவர்களையும் ஒப்பிட்டு 2009-ல் வெளியான ஓர் ஆய்வில், பூனைமீது அவர்கள் கொண்ட பற்றில் வேறுபாடு காணப்படவில்லை. தத்துக் கொடுப்பதற்கு முன் பேசிப் பார்ப்பதும், பின்னர் விசாரிப்பதும்தான் முக்கியம்.

விலங்கு மருத்துவர்:

காப்பகப் பூனைகளுக்கு மருத்துவம் பார்ப்பவள் என்ற முறையில் சளியைப் பற்றி மட்டும் எழுதலாம் என்று வந்தேன். அது மேலே சொல்லப்பட்ட இடநெருக்கடியோடு நேரடியாகத் தொடர்புடையது.

பூனைகளின் சளிக்குப் பெரும்பாலும் ஹெர்பிஸ், கலிசி ஆகிய இரு வைரஸ்களே காரணம். ஹெர்பிஸ் ஒருமுறை தொற்றினால் பெரும்பாலான பூனைகளின் உடலில் வாழ்நாள் முழுவதும் ஒடுங்கிக் கிடக்கும். பூனைக்கு மன அழுத்தம் ஏற்படும்போது, அதாவது இடம் மாறும்போது, கூட்டம் பெருகும்போது, நாய் குரைக்கும் ஓசை இடைவிடாது கேட்கும்போது, ஏறத்தாழ ஒரு வாரத்தில் அது மீண்டும் கிளர்ந்து வெளிப்படும். ஆகவே உங்கள் காப்பகத்தில் தொற்று வெளியிலிருந்து மட்டும் வரவில்லை, உள்ளேயே கிளர்த்தப்படுகிறது. நீங்கள் எவ்வளவு கழுவினாலும் இது ஓயாததற்குக் காரணம் இதுவே. ஒவ்வொரு தும்மலுக்கும் ஆன்டிபயாட்டிக் கொடுப்பதால் வைரஸ் போகாது. கூட்டத்தைக் குறைப்பதும் அச்சத்தைக் குறைப்பதும்தான் மருந்து.

ஒவ்வொரு கூண்டிலும் பூனை ஒளிந்துகொள்ள ஓர் அட்டைப் பெட்டி வையுங்கள். நெதர்லாந்தின் ஒரு காப்பகத்தில் செய்யப்பட்டு 2014-ல் வெளியான ஆய்வில், பெட்டி கொடுக்கப்பட்ட பூனைகள் முதல் சில நாட்களிலேயே மற்றவற்றைவிட விரைவாகத் தெளிந்தன. நாள்தோறும் கூண்டை முழுவதும் காலி செய்து, பூனையை வேறிடத்துக்கு மாற்றி, மருந்து தெளித்துக் கழுவும் பழக்கம் இருந்தால் அதை நிறுத்திவிடுங்கள். பூனை கூண்டுக்குள்ளேயே இருக்கட்டும். அழுக்கான பகுதியை மட்டும் துடைத்து, தட்டை மாற்றி, அதன் சொந்த வாசனை படிந்த துணியை அப்படியே விட்டுவிடுங்கள். முழுக் கிருமி நீக்கம் ஒரு பூனை போய் இன்னொன்று வரும்போது செய்தால் போதும். உங்கள் காலை வேளைத் துப்புரவு நேரமும் இதனால் கணிசமாகக் குறையும்.

கிருமிநாசினி விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. பினாயில் போன்ற, பீனால் சேர்ந்த திரவங்களைப் பூனைகள் இருக்கும் இடத்தில் பயன்படுத்தவே கூடாது. அவற்றைச் செரித்து வெளியேற்றும் ஆற்றல் பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு. பாதத்தில் ஒட்டியதை நக்கினாலே நஞ்சாகும். இதே காரணத்தால் பாராசிட்டமால் பூனையைக் கொன்றுவிடும். நாய்களுக்கான தெள்ளுப்பூச்சி மருந்துகள் சிலவற்றில் உள்ள பெர்மெத்ரினும் அப்படியே. மருந்து அலமாரியின் கதவில் இம்மூன்றின் பெயரையும் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டிவையுங்கள்.

எனக்கு உண்மையில் அச்சம் தருவது சளியன்று, பேன்லுகோபீனியா. இது பூனைகளின் உயிரைப் பறிக்கக்கூடிய தொற்றுநோய்; இதற்குக் காரணம் பார்வோ வகை வைரஸ். அந்த வைரஸ் கட்டடத்துக்குள் ஓராண்டு வரைகூட உயிர்ப்போடு இருக்கும். பல சாதாரணக் கிருமிநாசினிகளுக்கு அடங்காது. முதலில் சோப்பு நீரால் அழுக்கை நீக்கிவிட்டு, வீட்டுப் பயன்பாட்டு ப்ளீச் ஒரு பங்குக்கு 32 பங்கு நீர் என்ற அளவில் கலந்து, பத்து நிமிடம் ஈரமாகவே இருக்கவிட்டு, பின்னர் நன்றாக அலசி உலர்த்த வேண்டும். கலவையை அன்றன்றைக்குப் புதிதாகத் தயாரிக்க வேண்டும். சிறுநீர் தேங்கிய இடத்தில் நேரடியாக ஊற்றினால் அம்மோனியாவுடன் சேர்ந்து நச்சுப்புகை எழும் என்பதால் கழுவிய பிறகே ப்ளீச்சைப் பயன்படுத்த வேண்டும்.

தடுப்பூசியை நாளை போடலாம் என்று தள்ளிவைக்காதீர்கள். பூனை காப்பகத்துக்குள் நுழையும்போதே போட வேண்டும். காப்பகச் சூழலில் குட்டிகளுக்கு நான்கு வார வயதிலிருந்தே தொடங்கி, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை என ஏறத்தாழ இருபது வார வயது வரை போடுகிறோம். தாயிடமிருந்து கிடைத்த எதிர்ப்பொருள் எந்த வாரத்தில் குறைந்து, தடுப்பூசி எந்த வாரத்தில் பலிக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாததால்தான் இத்தனை முறை போட வேண்டியிருக்கிறது. புதிய பூனைகளை இரண்டு வாரம் தனி அறையில் வையுங்கள். வேலையின் வரிசையையும் மாற்றாதீர்கள்: முதலில் ஆரோக்கியமான குட்டிகள், பிறகு ஆரோக்கியமான பெரிய பூனைகள், அதன் பிறகு புதியவை, கடைசியாக நோயுற்றவை. நோயறையிலிருந்து வெளிவந்தவர் அன்று குட்டிகளைத் தொடக் கூடாது. படர்தாமரை வந்தாலும் இதே ஒழுங்குதான். அது மனிதருக்கும் ஒட்டும் என்பதால் கையுறையும் நீள்கைச் சட்டையும் கூடுதலாக வேண்டும்.

தன்னார்வலர்களுக்குச் சில அறிகுறிகளைக் கண்ணால் காட்டிப் பழக்கிவிட்டால் மருத்துவருக்குப் பாதி வேலை மிச்சம். தண்ணீர்க் கிண்ணத்தின் விளிம்பில் தலையைத் தொங்கவிட்டபடி, குடிக்காமல் குந்தியிருக்கும் பூனை; குழம்பை மட்டும் நக்கிவிட்டுத் துண்டுகளை அப்படியே விட்டுவைத்த கிண்ணம்; தட்டில் மீண்டும் மீண்டும் போய் உட்கார்ந்து, முக்கி, ஒரு சொட்டும் வராமல் எழுந்துபோகும் கடுவன். மூன்றாவதாகச் சொன்னது சிறுநீர் அடைப்பாக இருக்கக்கூடும், அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். ஓரிரு நாளில் உயிர் போய்விடும். அதேபோல் இரண்டு மூன்று நாள் ஒன்றுமே உண்ணாத பூனைக்கு, அதிலும் பருத்த பூனைக்கு, கல்லீரலில் கொழுப்பு சேர்ந்து ஆபத்தாகிவிடும். "பயத்தில் சாப்பிடவில்லை, தானாகச் சரியாகிவிடும்" என்று விட்டுவிடக் கூடாது. வாரம் ஒருமுறை எல்லாப் பூனைகளையும் எடை பாருங்கள்; கண்ணுக்குத் தெரியாத மெலிவைத் தராசு முதலில் காட்டிவிடும்.

தெருவோரம்:

நெடுநாள் தன்னார்வலர் கூறிய கணக்கு சரியானது என்பதை ஏற்கிறேன். ஆனால் வரம்பு வைப்பதைப் பற்றிப் பேசும்போது அந்த வரம்புக்கு வெளியே நிற்கும் பூனைகளை மறந்துவிடக் கூடாது என்பதற்காகவே எழுதுகிறேன். "இடமில்லை" என்று தொலைபேசியை வைத்துவிட்டால் அந்தப் பூனையின் கதி என்னவாகும் என்று கேட்கும் உங்கள் குழுவினர் தவறு செய்யவில்லை. அவர்களுடைய அக்கறை வீணாகாமல் இருக்க வேண்டுமானால், "இடமில்லை" என்ற சொல்லுக்குப் பதிலாக வேறொன்றைக் கொடுக்கும் ஏற்பாடு காப்பகத்தில் இருக்க வேண்டும்.

வரும் அழைப்புகளை ஆராய்ந்து பார்த்தால் அவற்றில் ஒரு பகுதி காப்பகமே தேவைப்படாதவை என்பது புரியும். புதருக்கடியில் குட்டிகள் தனியே கிடக்கின்றன என்று ஒருவர் அழைக்கிறார். தாய் இரை தேடப் போயிருக்கலாம். குட்டிகள் வயிறு நிறைந்து, சுத்தமாக, அமைதியாக உறங்கினால் தொடாமல் தள்ளி நின்று சில மணி நேரம் கவனிக்கச் சொல்ல வேண்டும். அவசரப்பட்டு அள்ளிக்கொண்டு வந்துவிட்டால், பிறந்த குட்டிக்கு இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை, இரவிலும், குட்டிகளுக்கான பால்மாவு புகட்டுவதற்கு உங்களில் ஒருவர் விழித்திருக்க வேண்டும். அவ்வளவு செய்தும் தாயின் பராமரிப்புக்கு அது ஈடாகாது. மற்றொருவர் வளர்க்கும் பூனை தட்டுக்கு வெளியே சிறுநீர் கழிக்கிறதென்று கொண்டுவந்துவிட நினைக்கிறார். மருத்துவரிடம் காட்டி, தட்டின் இடத்தையும் மணலையும் மாற்றிப் பார்த்தால் பல வேளைகளில் அந்தப் பூனை தன் வீட்டிலேயே இருந்துவிடும். வெளியூர் போகிறவருக்கும் நோய்வாய்ப்பட்டவருக்கும் சில வாரம் பார்த்துக்கொள்ள ஒரு வீடு கிடைத்தால் போதும். இப்படிப்பட்ட அழைப்புகளுக்குப் பொறுமையாகப் பதில் சொல்லும் ஒருவர், கூண்டு கழுவும் ஒருவருக்கு எவ்விதத்திலும் குறைந்தவர் அல்லர். உடலால் உழைக்க இயலாத முதியவர்கள் உங்கள் குழுவில் இருந்தால் இப்பணியை அவர்களிடம் ஒப்படையுங்கள்.

எஞ்சியவற்றை அவசரத்தின் அடிப்படையில் வரிசைப்படுத்துங்கள். அடிபட்டவை, தாயை உண்மையிலேயே இழந்த குட்டிகள், ஒரு வீட்டில் வளர்ந்து திடீரெனத் தெருவில் விடப்பட்டுப் பிழைக்கத் தெரியாமல் தவிப்பவை ஆகியவற்றுக்கு முதலிடம். யாரோ ஒருவர் சோறு வைத்துப் பார்த்துக்கொள்ளும் ஆரோக்கியமான பூனை காத்திருக்கலாம். முதலிடத்தில் உள்ளவற்றுக்காக எப்போதும் இரண்டு மூன்று கூண்டுகளைக் காலியாகவே வைத்திருங்கள்.

கருத்தடையைத் தள்ளிப்போட்டு மீட்பில் மட்டும் இறங்குவது, குழாயை மூடாமல் தரையைத் துடைப்பதற்கு ஒப்பாகும். பெண் பூனை நான்கு மாத வயதிலேயே சினைப்படக்கூடும். சினைக்காலம் ஏறக்குறைய ஒன்பது வாரம். குட்டிகள் பால் குடித்துக்கொண்டிருக்கும்போதே மீண்டும் சினைப்படும். குட்டிகளைத் தத்துக் கொடுக்கும்போது "வளர்ந்ததும் கருத்தடை செய்துகொள்ளுங்கள்" என்று சொல்லி அனுப்பாதீர்கள். இரண்டு மாத வயதும் ஒரு கிலோ எடையும் எட்டிய குட்டிகளுக்கே அனுபவமுள்ள மருத்துவர்கள் பாதுகாப்பாகச் செய்துவிடுகிறார்கள். அதை முடித்த பிறகே கொடுங்கள்.

முறைப்பட்டியல்:

தன்னார்வலர்கள் ஏன் நின்றுவிடுகிறார்கள் என்ற கேள்விக்கு இன்னும் யாரும் விடையளிக்கவில்லை என்பதால் அதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். ஒரு காப்பகத்தில் ஆட்களின் முறைகளை, அதாவது யார் எந்த வேளையில் வேலை செய்வது என்பதை, ஒழுங்குபடுத்தும் பொறுப்பு எனக்கு உண்டு.

புதியவர் ஒருவர் முதல் நாளில் வருகிறார். யார் சொல்லித்தருவது என்று எவருக்கும் தெரியாது. கையில் ஒரு துடைப்பத்தைக் கொடுத்துவிடுகிறார்கள். அவர் செய்ததைப் பார்த்து ஒருவர் "அப்படிச் செய்யக் கூடாது" என்கிறார். அடுத்த முறை வேறொருவர் அதற்கு நேர்மாறாகச் சொல்கிறார். பூனைகளை விரும்பி வந்தவருக்கு ஒரு பூனையைத் தொடக்கூட நேரம் கிடைக்காமல் வீடு திரும்ப வேண்டியிருக்கிறது. அவர் மறுபடி வராமல் போவதில் வியப்பொன்றும் இல்லை. எல்லாருக்கும் ஒரே செய்முறை, எழுத்தில், சுவரில் இருக்க வேண்டும். புதியவருக்கு முதல் சில முறைகளில் பெயர் குறிப்பிட்ட ஒரு மூத்தவர் துணையாக நிற்க வேண்டும். ஒவ்வொரு முறையின் இறுதியிலும் கால் மணி நேரம் பூனைகளோடு உட்கார்ந்திருப்பதற்கென்றே ஒதுக்க வேண்டும். இந்தக் கால் மணி நேரத்தைத் தயவுசெய்து சலுகையாகக் கருதாதீர்கள். மனிதர் மடியில் உட்காரப் பழகிய பூனைதான் தத்துப் போகும். அதுவும் காப்பகத்தின் வேலைகளில் ஒன்றே.

முறை இரண்டு மணி நேரத்துக்கு மேல் போக வேண்டாம். ஒவ்வொரு முறையிலும் இருவர் இருக்கட்டும். கடி வாங்கினால் உதவ ஆள் வேண்டும் என்பது ஒரு காரணம். பேச்சுத்துணை இருந்தால் வேலை சுமையாகத் தெரியாது என்பது இன்னொரு காரணம். மூன்று பேர் தலையில் காலை வேலை விழுகிறதென்றால், அந்த மூவரும் எப்படியும் செய்துவிடுவார்கள் என்று மற்றவர்கள் பழகிவிட்டார்கள் என்பது பொருள். பட்டியலில் ஆள் நிரம்பாத முறை ஒன்று இருந்தால் அதை அம்மூவரும் ஓசைப்படாமல் நிரப்பிவிடாமல், குழு முழுவதுக்கும் தெரியும்படி வெளியிடுங்கள். தொடர்ந்து நிரம்பவில்லையென்றால், பூனைகளின் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும் என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. விடுப்பு எடுப்பதும், "இந்த மாதம் என்னால் முடியாது" என்று சொல்வதும் குற்றமாகப் பார்க்கப்படாத இடத்தில்தான் மனிதர்கள் ஆண்டுக்கணக்கில் தங்குவார்கள். குற்றவுணர்ச்சியை ஊட்டி ஒருவரை வரவழைத்தால், அவர் ஒரு நாள் சொல்லாமலே போய்விடுவார்.

பாதுகாப்பைப் பற்றி மூன்று செய்திகள். பூனையைக் கையாளும் அனைவருக்கும் ரேபிஸ் முன்தடுப்பூசி போட ஏற்பாடு செய்யுங்கள். கடியோ கீறலோ பட்டால் உடனே சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, பதிவேட்டில் எழுதி, தாமதமின்றி மருத்துவரைப் பார்க்க வேண்டும். கர்ப்பிணிகளுக்கு மணல் தட்டு வேலை கொடுக்க வேண்டாம்; பூனையின் கழிவிலுள்ள, கருவைப் பாதிக்கக்கூடிய டாக்சோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி தொற்றும் நிலையை அடைய ஒரு நாளாவது ஆகும் என்பதால், தட்டுகளை நாள் தவறாமல் சுத்தம் செய்தாலே மற்றவர்களுக்கும் ஆபத்து வெகுவாகக் குறையும். வரவு செலவுக் கணக்கை மாதந்தோறும் தன்னார்வலர் அனைவரின் பார்வைக்கும் வையுங்கள்; பணத்தில் ஐயம் எழுந்த இடத்தில் நல்லவர்கள்தாம் முதலில் விலகுகிறார்கள்.

பூனைக்கூடம்:

உங்கள் அனைவருக்கும் என் மனமார்ந்த நன்றி. நான்கைப் பத்தால் பெருக்கிய கணக்கைக் குழுவில் வாசித்துக் காட்டினேன். இரு தரப்பாரும் ஒன்றாக அமர்ந்து கூண்டுவாரியாகப் பட்டியல் எழுதத் தொடங்கியிருக்கிறோம். அப்படி எழுதும்போது ஓர் உண்மை வெளிப்பட்டது. நெடுங்காலமாகத் தங்கியிருப்பவற்றில் எட்டுப் பூனைகள் மனிதரைக் கண்டாலே சீறிப் பதுங்குபவை. தத்தெடுக்க வருபவர்கள் அவற்றின் கூண்டருகே நிற்பதேயில்லை. இவற்றை என்ன செய்வது?

தெருவோரம்:

அந்த எட்டையும் ஒரே வகையாகக் கருதாதீர்கள். வீட்டில் வளர்ந்து அச்சத்தால் சீறும் பூனை வேறு, மனிதக் கை படாமலே வளர்ந்த பூனை வேறு. குட்டிகள் மனிதரோடு எளிதாகப் பழகும் பருவம் இரண்டு முதல் ஏழு வார வயதுதான். அது தாண்டிய பின், முழு வளர்ச்சியடைந்த பூனைக்குக் காப்பகத்தின் கூண்டும் அன்பான கையும்கூட ஓயாத துன்பமாகவே இருக்கும்.

வேறுபாட்டை அறிய, 1997-ல் கெஸ்லர், டர்னர் ஆகிய இருவரும் வெளியிட்ட பூனை மன அழுத்த அளவுகோல் உதவும். முற்றிலும் தளர்ந்து படுத்திருப்பதற்கு 1, பீதியில் உறைந்திருப்பதற்கு 7 என உடலின் நிலை, வயிறு, கால்கள், வால், கண்மணி, காது ஆகியவற்றைப் பார்த்து எண் கொடுக்க வேண்டும். ஒருவரே, ஒரே நேரத்தில், கூண்டைத் தொடாமல் நின்று நாள்தோறும் குறித்துவர வேண்டும். எண் மெல்ல இறங்கினால் அது அஞ்சிய வீட்டுப் பூனை. அதை அமைதியான ஒரு தற்காலிகப் பராமரிப்பு இல்லத்துக்கு அனுப்பினால் பெரும்பாலும் மாறிவிடும். எண் இறங்காமலே நிற்கும் பூனைகளைக் கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, காது நுனியில் அடையாள வெட்டு இட்டு, பிடித்த அதே இடத்தில், உணவு வைப்பவர் ஒருவர் இருப்பதை உறுதிசெய்துகொண்டு திரும்ப விடுவதே அவற்றுக்குச் செய்யும் நன்மை. இனிமேல் இத்தகைய பூனைகளைக் காப்பகத்துக்குள் கொண்டுவராமல், பிடித்து அறுவை முடித்து நேரே திருப்பி விடும் பணியாகத் தனியே நடத்துங்கள். பொறிக்கூண்டின் கதவு விழுந்தவுடன் தடித்த துணியால் முழுவதும் மூடிவிட வேண்டும். மோதிக்கொண்டிருக்கும் பூனை இருட்டில் சட்டென்று அடங்கும். பிடிபட்டது பால் கொடுக்கும் தாயா என்று மடிக்காம்புகளைப் பார்ப்பதும் அவசியம். அப்படியானால் குட்டிகளைத் தேடிக் கண்டுபிடித்தாக வேண்டும்.

விலங்கு மருத்துவர்:

ஒரு சிறு சேர்க்கை. பிடித்த இடம் இடிக்கப்பட்டோ, உணவு வைப்பவர் இல்லாமல் போயோ திரும்ப விட முடியாத பூனை இருந்தால், எலித் தொல்லை உள்ள கிடங்கு அல்லது பண்ணையின் உரிமையாளர் எவரேனும் உணவும் தங்குமிடமும் மருத்துவமும் தருவதாக ஒப்புக்கொண்டால் அங்கே இடம் மாற்றலாம். அப்போது ஒன்றோடொன்று பழகிய இரண்டு பூனைகளைச் சேர்த்தே அனுப்புங்கள். அங்கே சென்றதும் திறந்துவிடாமல், உள்ளேயே பெரிய கூண்டிலோ பூட்டிய அறையிலோ இரண்டு மூன்று வாரம் வைத்து, வேளை தவறாமல் அதே ஆளைக் கொண்டு உணவளிக்கச் செய்ய வேண்டும். அதற்கு முன் கதவைத் திறந்தால் பழைய இடத்தைத் தேடிப் போய்விடும். அனுப்புவதற்கு முன்பு எட்டையும் மயக்கத்தில் வைத்து ஒருமுறை வாயைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். நெடுநாள் சீறிக்கொண்டிருந்த பூனைகளில் சிலவற்றுக்கு ஈறும் பல்லும் புண்ணாகி, அந்த வலியே காரணமாக இருக்கக்கூடும். அதைச் சரிசெய்த பின் அளவுகோலில் மீண்டும் எண் குறித்துப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.